புரொஸ்டேட் எம்.ஆர்.ஐ.யில் கறுப்பெல்லாம் கட்டியல்ல: அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

கொழும்பில் புதிதாக புரொஸ்டேட் எம்.ஆர்.ஐ. வாசிக்கத் தொடங்கும் ரெஜிஸ்ட்ரார்களுக்கும், ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பைராட்ஸ் இலக்கத்தை (புற்றுநோய்ச் சந்தேகத்துக்கு 1 முதல் 5 வரை போடும் ஸ்கோர்) மட்டும் பார்த்துவிட்டு மிச்சத்தை மடித்து வைக்கும் யூரோலொஜி நண்பர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நோயாளியோ அவருடைய பிள்ளைகளோ வாசித்தால் ஒன்றும் பிழையில்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு உங்கள் படத்துக்கு நீங்களே தீர்ப்பு எழுத வேண்டாம். டொக்டரிடம் என்ன கேட்கலாம் என்று விளங்கிக்கொள்ள உதவும், அவ்வளவுதான்.

ஒரே ஸ்கேனில் பல வகைப் படங்கள் வரும்: டி2 சுரப்பியின் அமைப்பைக் காட்டும், டிஃப்யூஷன் திசுவுக்குள் தண்ணீர் எவ்வளவு தாராளமாக அசைகிறது என்று காட்டும், அதைப் பலமாக எடுத்தால் ஹை பி, அதில் இருந்து கணித்த அசைவு வரைபடம் ஏடிசி. புற்றுநோய் டி2 படத்தில் கறுப்பு, ஏடிசியில் கறுப்பு, ஹை பி டிஃப்யூஷனில் வெள்ளை. இந்தப் பாடம் எல்லோருக்கும் தெரியும். கரைச்சல் எங்கே என்றால், இந்த மூன்றில் ஒன்றையோ இரண்டையோ, சில நேரம் மூன்றையுமோ காட்டக்கூடிய சாதுவான சமாச்சாரங்கள் அந்தச் சின்னச் சுரப்பிக்குள்ளேயே நிறைய இருக்கின்றன. 2017இல் வெளியான ப்ரொமிஸ் ஆய்வில் 576 ஆண்களைப் பார்த்தார்கள். முக்கியமான புற்றுநோய்களில் 93 வீதத்தை எம்.ஆர்.ஐ. பிடித்தது, பழைய முறையில் அல்ட்ராசவுண்ட் பார்த்துக் குத்திய பயொப்ஸி 48 வீதத்தைத்தான் பிடித்தது. சந்தோஷப்பட்டுவிட்டு அடுத்த வரியையும் வாசியுங்கள்: ஸ்பெசிஃபிசிட்டி 41 வீதம். அதாவது முக்கியமான புற்றுநோய் இல்லாத ஆண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களிடமும் எம்.ஆர்.ஐ. சந்தேகப்படும்படி எதையோ காட்டியிருக்கிறது.

அதனால் நான் சொல்லும் ஒழுங்கு இதுதான். ஸ்கோர் கடைசி வேலை. கறுப்பைக் கண்டவுடன் இலக்கம் போடாமல், இந்தக் கறுப்புக்கு வேறு நியாயம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அந்த நியாயம் பாதி நேரம் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் படத்தில் இராது, பக்கத்துப் படத்திலோ நோயாளியின் கதையிலோ இருக்கும்.

படத்துக்கு முதல் கிளினிக் கொப்பி

அரச ஆஸ்பத்திரி கிளினிக்கில் இருந்து வருபவர் என்றால், என்ன மருந்து, பிஎஸ்ஏ (புரொஸ்டேட்டில் இருந்து வரும், இரத்தத்தில் அளக்கும் புரதம்) எவ்வளவு, எப்போது என்ன செய்தார்கள் என்பதெல்லாம் அவருடைய கொப்பியில்தான் கிடக்கும். ஸ்கேன் கேட்டு அனுப்பிய துண்டில் "பிஎஸ்ஏ கூட" என்பதற்கு மேல் ஒன்றும் எழுதியிருக்காது. வெளியில் காசு கட்டி ஸ்கேன் செய்தவர் பெரிய உறையில் ஃபில்மும் சீடியும் கொண்டு வருவார், கொப்பியை வவுனியாவிலோ ஹட்டனிலோ வீட்டில் விட்டுவிட்டு. அப்போது ஆளிடம்தான் கேட்க வேண்டும், அதுவும் மெஷினுக்குள் படுக்க வைக்க முதல். ரேடியோகிராஃபர் ஒரு நிமிடம் செலவழித்து, "ஐயா, இதுக்கு முதல் பின்பக்கத்தால ஊசி விட்டுச் சதை எடுத்தவையோ? எப்ப? சலப்பைக்குள்ள மருந்து ஏதும் விட்டவையோ? கரண்ட் பிடிச்சவையோ?" (கரண்ட் என்றால் ரேடியோதெரபி) என்று கேட்டு எழுதி வைத்தால், வாசிக்கிறவருக்கு அரை மணித்தியாலம் மிச்சம்.

இன்னொன்றும் கேளுங்கள்: ஃபினாஸ்டெரைட் அல்லது டியூட்டாஸ்டெரைட் போடுகிறாரா. சலம் இறுகுது என்று வரும் வயதானவர்களுக்கு இந்த மருந்து சாதாரணமாக எழுதப்படும். ஆறு மாதத்துக்கு மேல் போட்டால் பிஎஸ்ஏ ஏறத்தாழ பாதியாக இறங்கும். எனவே ரிப்போர்ட்டில் 3 என்று இருந்தால் அதை 6 என்று நினைத்துத்தான் யோசிக்க வேண்டும்.

அறிகுறி: பேஸில் இரண்டு பக்கமும் கறுப்பு, ஏடிசியும் குறைவு

புது ஆட்கள் அதிகம் விழும் குழி இது. பேஸ் என்பது சலப்பையோடு ஒட்டியிருக்கும் மேல்பக்கம். அங்கே விந்துக் குழாய்களைச் சுற்றி, வெருமொன்டானம் (அவை சலக்குழாய்க்குள் திறக்கும் மேடு) வரை இறங்குகிற சென்ட்ரல் சோன் இருக்கிறது. ஒரு நோயும் இல்லாத சென்ட்ரல் சோனே டி2வில் கறுப்பு, ஏடிசியிலும் கறுப்பு. ஹை பியில் லேசாக வெளிறியும் தெரியலாம். எக்ஸியல் (குறுக்குவெட்டு) படத்தை மட்டும் உருட்டிக்கொண்டிருந்தால் இரண்டு பக்கமும் கட்டி என்று எழுதத்தான் கை போகும்.

கொரோனல் (முன்னால் இருந்து பார்ப்பது போன்ற) டி2வைத் திறவுங்கள். நடுக்கோட்டுக்கு இரு புறமும் ஒரே அளவில், மேலே அகன்று வெருவை நோக்கி ஒடுங்கிக்கொண்டு போனால் அது சென்ட்ரல் சோன். கொன்ட்ராஸ்ட் (நரம்பில் ஏற்றும் சாய மருந்து) கொடுத்திருந்தால் அங்கே முந்திக்கொண்டு ஏறாது. சரி, ஒரு பக்கம் பெரிது, மற்றப் பக்கம் சிறிது என்றால்? உடனே பயப்படாதீர்கள், பக்கத்தில் வளர்ந்த பிபிஎச் (வயதோடு வரும் சாதுவான புரொஸ்டேட் வீக்கம்) கணு ஒன்று ஒரு பக்கத்தை நசுக்கித் தள்ளியிருக்கலாம். எந்தக் கணு எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று படத்தில் காட்ட முடிந்தால் ஆறுதல். காட்ட முடியவில்லை, ஒரு பக்கத்து ஏடிசி மற்றதைவிடத் தெளிவாகக் குறைவு, அதே இடத்தில் முந்திய கொன்ட்ராஸ்ட், இல்லாவிட்டால் செமினல் வெசிக்கிளுக்குள் (விந்துப் பைக்குள்) நீளும் கறுப்பு என்றால் அது வேறு கதை. சென்ட்ரல் சோனில் புற்றுநோய் அரிது, வந்தால் பொல்லாதது.

அறிகுறி: பின்பக்கம், சரியாக நடுக்கோட்டில் ஒரு சின்னக் கறுப்பு

பேஸ் மட்டத்தில் பெரிஃபெரல் சோனின் (சுரப்பியின் பின்புற வெளிப்பகுதியின்) நடுவில், கெப்சூலும் (சுரப்பியின் உறையும்) சுற்றியுள்ள ஃபேஷியா சவ்வும் சந்தித்துத் தடிக்கிற இடம். டி2வில் கறுப்பு, ஏடிசியிலும் கொஞ்சம் குறையலாம். ஹை பியில் பெரிதாக ஒன்றும் இராது, கொன்ட்ராஸ்டும் முந்தி ஏறாது. நடுக்கோட்டை விட்டு விலகினால் மட்டும் யோசியுங்கள்.

அறிகுறி: முன்பக்கம் தடித்த கறுப்பு

முன்பக்க நார்த்தசை எல்லாப் படத்திலும் கறுப்பு: டி2, ஏடிசி, ஹை பி மூன்றிலும். அந்தக் கடைசி வார்த்தைதான் சாவி. நார்த்தசை ஹை பியில் வெளிறாது. முன்பக்கத்தில் ஹை பி வெளிறினால், அல்லது தடிப்பு ஒரு பக்கம் சாய்ந்தால், அல்லது அங்கே கொன்ட்ராஸ்ட் முந்தினால், அதைக் கட்டியாகவே எடுத்துக்கொண்டு எந்த சோனில் இருந்து வந்திருக்கும் என்று தீர்மானித்து அந்த சோனின் விதிப்படி ஸ்கோர் போடுங்கள். முன்பக்கக் கட்டியை மலவாசலால் விரல் விட்டுப் பார்த்தாலும் தெரியாது, வழமையான பயொப்ஸி ஊசியும் அங்கே போய்ச் சேராது. ஆகவே இங்கே எம்.ஆர்.ஐ. தவறவிட்டால் அதைப் பிடிக்க வேறு ஆள் இல்லை.

அறிகுறி: டி2வில் கறுப்பு, ஏடிசியில் கறுப்பு, ஆனால் ஹை பியில் வெள்ளை இல்லை

இதைக் கண்டால் கை தானாக டி1 படத்துக்குப் போக வேண்டும். டி1இல் அந்த இடம் வெள்ளையாக இருந்தால் அது பயொப்ஸிக்குப் பிந்திய இரத்தம். பயொப்ஸி முடிந்த சூட்டோடு எம்.ஆர்.ஐ. செய்தால் இந்தத் தலையிடி நிச்சயம். குறைந்தது ஆறு கிழமையாவது விடச் சொல்வது இதனால்தான். சில ஆட்களுக்கு அதற்குப் பிறகும் இரத்தம் கிடக்கும்.

புரொஸ்டேட்டில் இயல்பாகவே சிட்ரேட் கூட, அது இரத்தத்தை உறைய விடாது, அதனால் கசிந்த இரத்தம் நீண்ட நாள் அப்படியே தங்கும். கட்டி உள்ள இடத்தில் சிட்ரேட் குறைவு, எனவே அங்கே இரத்தம் அவ்வளவாக நிற்பதில்லை. பெரிஃபெரல் சோன் முழுக்க டி1இல் வெள்ளை, நடுவில் ஒரு இடம் மட்டும் வெள்ளையில்லை, டி2வில் அதே இடம் கறுப்பு என்றால், அந்த வெள்ளையில்லாத இடத்தைத்தான் நீங்கள் உற்றுப் பார்க்க வேண்டும். இரத்தம் கிடக்கிறது என்பதை வைத்து முழுப் படத்தையும் தள்ளிவிட வேண்டாம்.

டி1இல் இரத்தம் இல்லை என்றால்? நார், கல்சியம், ஸ்ட்ரோமல் பிபிஎச் (நாரும் தசையும் கூடிய வகை). இவற்றில் டி2 சிக்னலே அடிமட்டத்தில் இருப்பதால் ஏடிசியும் இருண்டுவிடும், ஹை பியில் வெளிற எதுவும் இராது. பைராட்ஸ் 2.1இல் (2019இல் வந்த பதிப்பு, இன்றும் நாங்கள் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான்) பெரிஃபெரல் சோனுக்கு டிஃப்யூஷன் ஸ்கோர் 4 கொடுக்க ஏடிசியில் நன்றாகக் கறுத்தும் ஹை பியில் நன்றாக வெளிறியும் இருக்க வேண்டும், அதுவும் ஒரு இடத்தில் குவிந்து. இரண்டும் வேண்டும். ஒன்று மட்டும் அட்டகாசமாக இருந்தால் அது 3. ஏடிசி கடுமையாகக் கறுத்திருக்கிறது என்று 4 போட்டு வரும் ரிப்போர்ட்களைப் பார்க்கும்போதெல்லாம், ஹை பி படத்தைத் திறந்தார்களா என்ற சந்தேகம் எனக்கு வரும்.

இதற்கு நேர் மாறானதும் உண்டு: ஹை பியில் வெள்ளை, ஏடிசியிலும் வெள்ளை. அது டி2வின் வெளிச்சம் ஊடுருவி வருவது. கட்டியில்லை. பி பெறுமானம் (டிஃப்யூஷன் படத்தின் பலம்) 1400க்குக் கீழே போனால் இந்த ஏமாற்று கூடும், அதனால்தான் குறைந்தது 1400 கேட்கிறார்கள். மெஷினால் நேரடியாக முடியாவிட்டால் கணித்து எடுத்த ஹை பி போதும். ஏடிசியைக் கணிக்கும்போது மட்டும் 1000க்கு மேற்பட்ட பி பெறுமானத்தைச் சேர்க்க வேண்டாம்.

அறிகுறி: ஃபில்மில் எல்லாமே கறுப்பாகத் தெரிகிறது

ஃபில்மை வெளிச்சத்தில் பிடித்து ஏடிசி வாசிக்க முடியாது. அச்சடித்தவர் வைத்த கறுப்பு வெள்ளை அளவு, அதாவது வின்டோதான் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அவர் கொஞ்சம் இறுக்கி வைத்திருந்தால் சாதாரண பெரிஃபெரல் சோனே புற்றுநோயாகிவிடும். சீடியைக் கேளுங்கள், சீடி வராவிட்டால் ரிப்போர்ட்டை நிறுத்தி வையுங்கள். வின்டோவை நீங்களே மாற்றிப் பார்த்து, கறுப்பு அப்போதும் சுற்றுப்புறத்தில் இருந்து தனித்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏடிசி இலக்கங்களுக்கு 750 முதல் 900 வரை என்ற ஒரு எல்லை பேச்சில் இருக்கிறது, துணைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் போன வருடம் ஒரு இடத்தில் எடுத்த ஏடிசியையும் இந்த வருடம் இன்னொரு இடத்தில் எடுத்த ஏடிசியையும் கழித்துப் பார்த்து நோய் கூடிவிட்டது என்று எழுத வேண்டாம், மெஷினுக்கு மெஷின் அது மாறும்.

அறிகுறி: பின்சுவர் இழுபட்டு வளைந்து, ஒரு ஓரத்தில் மட்டும் பளிச்சென்று வெள்ளை

வாயு. மலக்குடலில் கிடக்கும் வாயு டிஃப்யூஷன் படத்தைப் பிய்த்து எறியும், அதுவும் கட்டி அதிகம் வருகிற பின்பக்கத்து பெரிஃபெரல் சோனிலேயே. டி2 படத்தில் மலக்குடல் எவ்வளவு உப்பியிருக்கிறது என்று பார்த்தாலே காரணம் விளங்கிவிடும். டிஃப்யூஷனில் சுரப்பியின் வெளிக்கோடு டி2வின் வெளிக்கோட்டோடு பொருந்தவில்லை என்றால், அந்த வெள்ளைக்கு நீங்கள் எந்த ஸ்கோரும் போட முடியாது.

தீர்வு பெரும்பாலும் ஸ்கேனுக்கு முதல்தான். படுக்க முதல் மலசலகூடத்துக்குப் போய்விட்டு வரச் சொல்லுங்கள், வாயுவையும் விடச் சொல்லுங்கள், வெட்கப்படுவார், பரவாயில்லை. எனிமா கொடுப்பதா இல்லையா என்பதில் ஆளுக்கொரு கட்சி. அது வெளியேற்றும், சில நேரம் குடலை ஆட்டியும் விடும். குடல் ஆட்டத்துக்கு ஹயோசின் ஊசி உதவும், கண்ணில் குளோக்கோமா உள்ளவர்களைக் கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும். ஆள் மெஷினில் இருக்கும்போதே வாயு தெரிந்தால் மெல்லிய கத்தீட்டர் ஒன்றால் இறக்கிவிட்டுத் தொடரலாம், அல்லது ஃபேஸ் என்கோடிங் திசையை இடம் வலமாக மாற்றி இன்னொரு முறை எடுக்கலாம். இடுப்பு மூட்டு மாற்றியவர் என்றால் 3 டெஸ்லா மெஷினை விட காந்தம் குறைந்த 1.5 டெஸ்லா பெரும்பாலும் நல்லது. "3 டெஸ்லாவில்தான் செய்தேன்" என்று பெருமைப்படுகிறவர்களுக்கு இது பிடிக்காது.

ஒன்றும் சரிவராவிட்டால் ரிப்போர்ட்டில் வெளிப்படையாக எழுதுங்கள்: டிஃப்யூஷன் பின்பக்கத்தில் வாசிக்க முடியாது, இந்தப் பகுதியில் நோய் இல்லை என்று சொல்ல முடியாது. படத்தின் தரத்துக்கே பைகுவால் என்று ஒரு ஸ்கோர் 2020இல் வந்தது, 2024இல் திருத்தியும் விட்டார்கள். தரம் கெட்ட படத்துக்கு பைராட்ஸ் 2 கொடுத்து ஆளை வீட்டுக்கு அனுப்புவதைவிட, ஸ்கேனைத் திரும்பச் செய்யச் சொல்வது கௌரவமான வேலை.

அறிகுறி: எல்லாப் படத்திலும் கட்டி மாதிரியே இருக்கிறது, ஆனால் ஆளுக்குக் காய்ச்சல், அல்லது நீரிழிவு, அல்லது சலப்பைக்குள் விட்ட பிசிஜி மருந்து

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், எங்கள் பக்கத்துக்கு இது முக்கியம்.

சாதாரண அழற்சி ஆப்பு வடிவத்தில், கீற்றுக் கீற்றாக, அல்லது முழு பெரிஃபெரல் சோனிலும் பரவலாக மங்கித் தெரியும். ஏடிசி லேசாகத்தான் குறையும். அதற்கு 2 போட்டு விடலாம். வயது குறைந்த ஆண்களில் இந்த மங்கல் அடிக்கடி வரும்.

கிரனுலோமா அழற்சி (காசநோயிலோ பிசிஜிக்குப் பிறகோ வரக்கூடிய, கணுக் கட்டும் அழற்சி) அப்படியல்ல. டி2வில் திட்டுக் கறுப்பு, ஏடிசி கட்டியைவிடவும் கீழே, ஹை பி பளிச், கெப்சூலுக்கு வெளியேயும் நீளும், பைராட்ஸ் 5க்குரிய எல்லா லட்சணமும். படத்தை வைத்து இதையும் கட்டியையும் பிரிக்க முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பயொப்ஸிதான் பிரிக்கும். நீங்கள் செய்யக்கூடியது, காரணத்தை முன்கூட்டியே தேடி ரிப்போர்ட்டில் எழுதி வைப்பது. சலப்பைப் புற்றுநோய்க்கு உள்ளே பிசிஜி விட்டவரா? காசநோய் இருந்தவரா, வீட்டில் யாருக்காவது இருந்ததா? எழுதி வைத்தால் பத்தோலொஜி டொக்டர் அமிலம் பிடிக்கும் கிருமிக்குச் சாயம் போட்டுப் பார்ப்பார். கொப்பியில் ஒரு மூலையில் "பிசிஜி 6" என்று கிறுக்கியிருப்பதைக் காணாமல், இது பரவிய கட்டி என்று எழுதி ஆளின் நித்திரையைக் கெடுப்பது எவ்வளவு லேசு என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது சீழ்க்கட்டி. சீழ் டிஃப்யூஷனில் கடுமையாக வெளிறும், ஏடிசி படுத்துவிடும், ஆகவே டிஃப்யூஷனை மட்டும் பார்த்தால் 5. ஆனால் டி2வில் அது திரவம், வெள்ளையாகவே இருக்கும். கொன்ட்ராஸ்ட் கொடுத்தால் விளிம்பு மட்டும் ஏறும், நடு ஏறாது. நீரிழிவுக்காரர், காய்ச்சல், சலம் கழிக்க வலி, வயலில் அல்லது தோட்டத்தில் வேலை என்று கதை வந்தால் மெலியோய்டோசிஸை நினையுங்கள். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் அந்தக் கிருமி இலங்கையில் இருக்கிறது, நீரிழிவுக்காரரைத் தேடிப் பிடிக்கும், புரொஸ்டேட்டில் சீழ் கட்டுவது அதன் பழக்கங்களில் ஒன்று. ஆய்வுகூடத்துக்கும் சந்தேகத்தைச் சொல்லித்தான் மாதிரியை அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அது சாதாரண சூடோமொனாஸ், எங்கிருந்தோ கலந்தது என்று ஒதுக்கப்பட்டுவிடலாம். மருந்தும் வேறு: முதலில் செஃப்டசிடைம் அல்லது மெரோபெனெம், பிறகு மாதக்கணக்கில் கோட்ரைமொக்சசோல். ஸ்கோர் போடுவதை விடுத்து அன்றே வார்டுக்கு ஃபோன் எடுக்க வேண்டிய கேஸ் இது.

அறிகுறி: நடுப்பகுதி முழுக்கக் கணுக்கள், அதில் எது கெட்டது என்று தெரியவில்லை

டிரான்ஸிஷன் சோன், அதாவது சலக்குழாயைச் சுற்றி பிபிஎச் வளரும் பகுதி. இங்கே அரசன் டி2, டிஃப்யூஷன் மந்திரிதான். இந்த ஒழுங்கை மாற்றினால் ஒவ்வொரு ஸ்ட்ரோமல் கணுவும் கட்டியாகத் தெரியும், ஏனென்றால் அவை ஏடிசியில் உண்மையிலேயே கறுப்பு, கொன்ட்ராஸ்டும் முந்திக்கொண்டு ஏறும்.

டி2வில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: கணுவைச் சுற்றி முழுதாக ஒரு கறுப்புக் கோடு இருக்கிறதா? எக்ஸியலிலும் இன்னொரு திசையிலும் இருந்தால் ஸ்கோர் 1, ஏடிசி என்ன சொன்னாலும் சரி. கோடு முழுதாக இல்லாமல் பெரும்பகுதி மட்டும், அல்லது கோடு இல்லாமல் ஒரே சீரான தெளிவான எல்லை என்றால் 2. அந்த 2 மட்டும் டிஃப்யூஷன் 4 அல்லது 5 ஆக இருந்தால் 3க்கு ஏறும். டி2 ஸ்கோர் 3 என்றால், டிஃப்யூஷன் 5 ஆக இருந்தால்தான் 4க்கு ஏறும். கட்டியோ எல்லையே இல்லாமல், வில்லை வடிவில், கரியால் வரைந்ததை விரலால் தேய்த்தது போல மங்கலாக, ஒரே சீரான கறுப்பாகத் தெரியும். பக்கத்துக் கணுக்களின் கோடுகளை அது விழுங்கியிருக்கும். கோடு எங்கே காணாமல் போகிறது என்று தேடுவதே நல்ல பழக்கம்.

டி2 ஆட்டத்தால் மங்கியிருந்தால் டிரான்ஸிஷன் சோனை வாசிக்கவே வேண்டாம், டி2வைத் திரும்ப எடுங்கள்.

கணு ஒன்று வெளியே பிதுங்கி பெரிஃபெரல் சோனுக்குள் உட்கார்ந்திருப்பதும் உண்டு. உருண்டை, சுற்றிக் கோடு, உள்ளே நடுவில் உள்ள கணுக்களின் அதே தோற்றம் என்றால் அது தப்பி வந்த பிபிஎச், 2 போதும்.

அறிகுறி: பிஎஸ்ஏ ஏறிக்கொண்டே போகிறது, படத்தில் ஒன்றும் இல்லை

முதலில் கனவளவைச் சரியாக அளந்தீர்களா? மிட் சஜிட்டல் (நடுக்கோட்டில் பக்கவாட்டாகப் பார்க்கும்) டி2வில் நீளமும் முன்பின் அளவும், எக்ஸியலில் அகலமும் எடுத்து, மூன்றையும் பெருக்கி 0.52ஆல் பெருக்க வேண்டும். 5, 4.5, 4 சென்டிமீற்றர் என்றால் கிட்டத்தட்ட 47 மில்லிலீற்றர். பிஎஸ்ஏயை இதனால் பிரித்தால் அடர்த்தி. பிஎஸ்ஏ 7, சுரப்பி 70 என்றால் 0.10, பெரும்பாலும் பிபிஎச் பேசுகிறது. அதே 7, சுரப்பி 35 என்றால் 0.20, சந்தேக எல்லையான 0.15ஐத் தாண்டிவிட்டது. அப்போது ஒன்றும் இல்லை என்ற ரிப்போர்ட் அந்த ஆளைப் பாதுகாக்காது, 3 என்றாலும் பயொப்ஸியை நோக்கித்தான் பேச்சுப் போகும். இந்த இலக்கத்தை எழுதாத ரிப்போர்ட் அரைகுறை என்பது என் அபிப்பிராயம்.

பிறகு வழக்கமாகத் தப்பும் இடங்களுக்குத் திரும்பப் போங்கள்: கடைசி நுனி, அதாவது எபெக்ஸ், பெரிஃபெரல் சோனின் முன்கொம்பு, கெப்சூலை ஒட்டிய மெல்லிய பிறைக் கறுப்பு, முன்பக்கம். ஒரு கட்டியைக் கண்டுபிடித்ததும் கண் ஓய்வெடுத்துக்கொள்ளும், இரண்டாவதைப் பார்க்காது. ஆகவே ஒன்று கிடைத்தாலும் சுற்றை முடியுங்கள். மியூசினஸ் கட்டி டி2வில் வெள்ளையாகவே இருக்கும், ஏடிசியும் குறையாது, அதை எம்.ஆர்.ஐ.யால் பிடிப்பது கடினம்.

அறிகுறி: சுரப்பி முழுக்கச் சுருங்கி ஒரே கறுப்பு

ரேடியோதெரபி செய்தவர் அல்லது ஹோர்மோன் ஊசி போடுபவர். சோன்களே பிரிந்து தெரியாது. இங்கே பைராட்ஸ் செல்லாது, 4 என்று எழுதினால் அதற்கு அர்த்தமே இல்லை. கொன்ட்ராஸ்டும் டிஃப்யூஷனும்தான் துணை, திரும்ப வந்த நோய்க்கு பைஆர்ஆர் என்ற வேறு முறை 2021 முதல் இருக்கிறது. மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவரா என்று ஒரு கேள்வி கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அறிகுறி: கெப்சூலைத் தாண்டியதா இல்லையா என்று தெரியவில்லை

கட்டி கெப்சூலோடு ஒட்டியிருக்கும் நீளத்தை அளந்து எழுதுங்கள். 1.5 சென்டிமீற்றரைத் தொட்டால் சந்தேகம், விளிம்பு பிதுங்கியோ ஒழுங்கற்றோ இருந்தாலும் சந்தேகம், இரண்டும் சேர்ந்தால் கூடுதல், கண்ணுக்குத் தெரிய உடைத்துக்கொண்டு வெளியே போனால் நிச்சயம். பயொப்ஸிக்குப் பிந்திய இரத்தமும் அழற்சியும் கெப்சூலை வீங்க வைத்து இதே தோற்றத்தைக் கொடுக்கும், திரும்பவும் டி1க்குப் போங்கள். செமினல் வெசிக்கிள் கறுப்பும் அப்படித்தான், வயதானவர்களில் அமிலொயிட் படிந்தும் கறுக்கும்.

அறிகுறி: நீங்கள் 5 போட்டீர்கள், பயொப்ஸி ஒன்றுமில்லை என்கிறது

மூன்றில் ஒன்று: ஊசி இடம் தப்பியது, உண்மையிலேயே கிரனுலோமா, அல்லது நீங்கள் கட்டியென்று நினைத்தது கட்டியல்ல. பத்தோலொஜி ரிப்போர்ட்டில் அழற்சி பற்றிக் குறிப்பாக எழுதியிருந்தால் இரண்டாவதை நம்பலாம். வெறுமனே "புற்றுநோய் காணப்படவில்லை" என்று மட்டும் இருந்தால் முதலாவதைத்தான் சந்தேகிக்க வேண்டும், அதுவும் படத்தையும் அல்ட்ராசவுண்டையும் இணைக்கும் மெஷின் இல்லாமல் படத்தை மனதில் வைத்துக்கொண்டு குத்தியிருந்தால்.

இங்கே உங்கள் ரிப்போர்ட்டின் வார்த்தைகள் வேலை செய்ய வேண்டும். "வலது பெரிஃபெரல் சோனில் கட்டி" என்று எழுதினால் ஊசி பிடிக்கிறவர் எங்கே குத்துவார்? எந்த மட்டம், பேஸா நடுவா எபெக்ஸா, நடுக்கோட்டில் இருந்து எவ்வளவு தூரம், முன்பக்கமா பின்பக்கமா, எத்தனை மில்லிமீற்றர், எந்த படத் தொடரில் எத்தனையாவது ஸ்லைஸ். பைராட்ஸ் 2.1 வரைபடத்தில் 41 பிரிவுகள் இருக்கின்றன, ஒரு வட்டம் போட்டு ரிப்போர்ட்டோடு சேர்த்து அனுப்புங்கள். யூரோலொஜி டொக்டரை ஃபோனில் பிடித்து ஸ்கிரீன் முன்னால் இருவருமாக உட்கார்ந்து பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது, ஊசி எந்த ஸ்லைஸுக்குப் போனது என்று அவர் சொல்ல, கட்டி எந்த ஸ்லைஸில் என்று நீங்கள் சொல்ல, இரண்டாவது பயொப்ஸி தேவையா என்பது பெரும்பாலும் அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.